விக்டோரியா காலத்துப் பெண்களும் சாப்பாட்டு எழுத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்டோரியா காலம் என்பது எது?

விக்டோரியா மகாராணி பிரிட்டனை ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலம். இங்கே பேசுவது பெரும்பாலும் இங்கிலாந்தைப் பற்றி, அதிலும் லண்டனைப் பற்றி.

அந்தக் காலத்தில் பெண்கள் ரசித்துச் சாப்பிடவே கூடாது என்று இருந்ததாமே, உண்மையா?

அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் நல்ல குடும்பத்துப் பெண் என்றால் கொஞ்சமாகத்தான் சாப்பிடுவாள், பசி என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், தட்டில் இருப்பதை ஆசையோடு பார்க்க மாட்டாள் என்ற எதிர்பார்ப்பு மிக வலுவாக இருந்தது. பருவ வயதுப் பெண்களுக்கு இறைச்சியும் காரமும் ஆகாது, உணர்ச்சியைத் தூண்டிவிடும் என்று சொன்ன மருத்துவர்கள் இருந்தார்கள். பெரிய வீட்டு விருந்துகளில் கடைசியாகப் பழங்களும் இனிப்பும் வந்த பிறகு பெண்கள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்கள். ஆண்கள் மட்டும் உட்கார்ந்து ஒயின் குடிப்பார்கள்.

இது வசதியுள்ள வீடுகளின் கதை. ஏழை வீடுகளில் பெண்கள் குறைவாகச் சாப்பிட்டதற்குக் காரணம் நாகரிகம் அல்ல. 1863இல் எட்வர்ட் ஸ்மித் என்ற மருத்துவர் அரசுக்காக ஏழைத் தொழிலாளர் குடும்பங்களின் உணவை ஆராய்ந்தார். வீட்டிலேயே மிக மோசமாகச் சாப்பிடுபவள் மனைவிதான் என்று எழுதினார். வேலைக்குப் போகிறவருக்கு இறைச்சி, மிச்சமிருந்தால் குழந்தைகளுக்கு, அவளுக்கு ரொட்டியும் தேநீரும். இந்தப் பெண்களின் பசியை அவர்களே எழுதிய பக்கங்கள் மிக மிகக் குறைவு. விக்டோரியா காலத்துச் சாப்பாட்டு எழுத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்படியிருக்க, பெண்கள் இவ்வளவு சமையல் புத்தகங்கள் எழுதியது எப்படி?

அடுத்தவருக்குச் சமைத்துப் போடுவதைப் பற்றிப் பெண் எழுதலாம், அதற்குத் தடையே இல்லை. தான் சாப்பிட்டு மகிழ்வதைப் பற்றித்தான் எழுத முடியாது. இந்தக் கோட்டுக்குள் நின்றுதான் பெரும்பாலோர் எழுதினார்கள்.

தேவையும் பெரிதாக இருந்தது. கிராமத்தையும் தாயையும் விட்டு நகரத்தில் புதிதாகக் குடித்தனம் தொடங்கிய நடுத்தர வர்க்கப் பெண்கள் பெருகினார்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியும், ஒன்றோ இரண்டோ வேலையாட்களை வைத்துக்கொள்ளவும் முடியும், ஆனால் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. அச்சு மலிவானதும் அந்த இடத்தைப் புத்தகமும் பத்திரிகையும் பிடித்துக்கொண்டன.

ஆனால் அந்தக் குறிப்புகளை ஊன்றிப் படித்தால் எழுதியவரின் நாக்கு எங்கேயாவது வெளிப்பட்டுவிடும். எவ்வளவு நேரம், எந்தப் பதம், எந்த அளவுக்கு மேல் கெட்டுப்போகும் என்று ஒருவர் துல்லியமாக எழுதுகிறார் என்றால் அவர் ருசித்துப் பார்த்திருக்கிறார், அதில் அக்கறைப்பட்டிருக்கிறார் என்றுதானே பொருள்?

எலைஸா ஆக்டனை ஏன் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள்?

இன்றைய சமையல் குறிப்பின் வடிவம் பெரிய அளவில் அவரிடமிருந்து தொடங்குவதால்.

1799இல் சஸ்ஸெக்ஸில் உள்ள பேட்டில் என்ற ஊரில் பிறந்தார், இப்ஸ்விச்சில் வளர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1826இல் கவிதைத் தொகுப்பு ஒன்று வெளியிட்டார். பிறகு இன்னும் கவிதைகளோடு லாங்மன் பதிப்பகத்துக்குப் போனபோது, கவிதை விற்காது, நல்ல சமையல் புத்தகம் ஒன்று எழுதிக் கொண்டுவாருங்கள் என்று பதிப்பாளர் சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, புத்தகம் வந்தது. ‘தனிக் குடும்பங்களுக்கான நவீன சமையல்’ என்ற அந்த நூலை லாங்மன் 1845இல் வெளியிட்டது.

அதற்கு முன்பிருந்த புத்தகங்களில் குறிப்பு என்பது ஒரே பத்தியாக ஓடும். ‘கொஞ்சம் வெண்ணெய்’, ‘வேகும்வரை’ என்று போகும். ஆக்டன் செய்முறையைச் சொல்லி முடித்ததும் என்னென்ன பொருள், எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று கடைசியில் தனியாகப் பட்டியலிட்டார். முதன்முதலில் அப்படிச் செய்தவர் அவர்தான். தன் வீட்டிலேயே செய்து பார்த்த பிறகே குறிப்புகளைச் சேர்த்ததாகவும் சொன்னார்.

அவர் நூலில் எனக்கு மிகப் பிடித்தது இரண்டு புட்டிங்குகள். ஒன்றின் பெயர் ‘பதிப்பாளர் புட்டிங்’. பாதாம், பாலாடை, உலர்திராட்சை, பிராந்தி என்று எதிலும் குறை வைக்காதது, எவ்வளவு செழிப்பாகச் செய்தாலும் தகும் என்கிறார். இன்னொன்று ‘ஏழை எழுத்தாளர் புட்டிங்’. ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான பாலில் பட்டையோ எலுமிச்சைத் தோலோ போட்டுக் கொதிக்கவிட வேண்டும். துளி உப்பு, 3 அவுன்ஸ் சர்க்கரை. அது நன்றாக ஆறியதும் அடித்த மூன்று முட்டைகளைக் கலந்து வடிகட்டி, மேலே ஓரம் நீக்கி வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டுகளை அடுக்கி, மிதமான அடுப்பில் அரைமணி நேரம் வைக்க வேண்டும். அவ்வளவுதான். எழுதிப் பிழைக்கிறவருக்கும் அதை அச்சிட்டு விற்கிறவருக்கும் இடையே பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை இரண்டு தட்டுகளில் வைத்துக் காட்டிவிட்டார். எளியது எளியதாகவே ருசிக்க வேண்டும் என்ற கவனம் அந்த இரண்டாவது குறிப்பில் தெரிகிறது. அதைத்தான் நான் இன்பம் என்கிறேன்.

1857இல் ரொட்டிக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். 1859இல் ஹாம்ப்ஸ்டெட்டில் இறந்தார்.

மிஸஸ் பீட்டன் பெரிய சமையல்காரரா?

இல்லை. அவர் வேலை வேறு. அதைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது.

இசபெல்லா பீட்டன் 1836இல் லண்டனில் பிறந்தார். 1856இல் பதிப்பாளர் சாமுவேல் பீட்டனைக் கல்யாணம் செய்துகொண்டார். கணவர் நடத்திய பெண்கள் மாத இதழ் இரண்டு பென்னிக்கு விற்றது. அதில் 1857 முதல் எழுதத் தொடங்கினார். ‘இல்லற நிர்வாக நூல்’ 1859 முதல் 1861 வரை 24 மாதப் பகுதிகளாக வெளிவந்து, பிறகு 1861 அக்டோபரில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பக்கங்களோடு ஒரே புத்தகமானது. முதல் வருடத்திலேயே 60,000 பிரதிகள் விற்றன. இவ்வளவு உழைப்பு பிடிக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் தொடங்கவே துணிந்திருக்க மாட்டேன் என்று முன்னுரையில் மனம் திறந்து சொல்கிறார். அப்போது அவருக்கு 25 வயது.

1865 பிப்ரவரியில், நான்காவது குழந்தை பிறந்த சில நாட்களில் பிரசவக் காய்ச்சலில் இறந்துபோனார். வயது 28. மறுவருடம் கணவர் கடனில் மூழ்கி, புத்தகத்தின் உரிமையை வேறொரு பதிப்பகத்துக்கு விற்றார். புதுப்புதுப் பதிப்புகளும் சேர்க்கைகளும் வந்துகொண்டே இருந்ததால், மிஸஸ் பீட்டன் என்றால் அனுபவம் முதிர்ந்த பாட்டியம்மா என்றே தலைமுறை தலைமுறையாக வாசகர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அவர் மற்றவர்களின் குறிப்புகளை எடுத்துக்கொண்டாராமே?

ஆமாம், ஆக்டனுடையவை உட்பட நிறைய. தலைப்புப் பக்கத்திலேயே ‘தொகுத்தவர்’ என்றுதான் அவர் பெயர் இருக்கிறது. வாசகிகள் அனுப்பியவையும் பழைய நூல்களிலிருந்து எடுத்தவையும் கலந்திருக்கின்றன. அன்றைக்கு இது பரவலாக நடந்ததுதான். ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. பீட்டன் எழுத வருவதற்கு முன்பே, 1855 பதிப்பின் முன்னுரையில், தன் உழைப்பைப் பிறர் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொள்வதைப் பற்றி ஆக்டன் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

பீட்டன் செய்த மாற்றம் முக்கியமானது. ஆக்டன் கடைசியில் வைத்த பட்டியலை அவர் முன்னே கொண்டுவந்தார். நேரம், சராசரிச் செலவு, எத்தனை பேருக்குப் போதும், எந்தப் பருவத்தில் கிடைக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதினார். கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ரசனை என்று வந்தால் ஆக்டன் பக்கம்தான் நான் நிற்பேன். பீட்டனின் நூலில் பெரிய கேரட்டை 1¾ மணி முதல் 2¼ மணி நேரம் வரை வேகவைக்கச் சொல்கிறார். அன்றைய கேரட் முற்றியது, தடிமனானது என்று ஒத்துக்கொண்டாலும் அதில் நாக்குக்கு என்ன மிஞ்சும்? நல்ல சாப்பாடு ஏன் வேண்டும் என்பதற்கும் அவர் சொல்லும் காரணம் இன்பம் அல்ல. வெளியே கிளப்புகளிலும் உணவு விடுதிகளிலும் ஆண்களுக்கு அருமையாகக் கிடைக்கிறது, அதோடு போட்டி போட வேண்டுமென்றால் வீட்டுக்காரிக்குச் சமையல் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான்.

சார்லஸ் டிக்கன்ஸின் மனைவியும் சமையல் நூல் எழுதினாரா?

எழுதினார். கேத்தரின் டிக்கன்ஸ் ‘லேடி மரியா கிளட்டர்பக்’ என்ற புனைபெயரில் 1851இல் ‘இரவுச் சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம்?’ என்ற சிறு நூலை வெளியிட்டார். பெரும்பகுதி குறிப்புகள் அல்ல, இரண்டு பேர் முதல் பதினெட்டு பேர் வரையிலான விருந்துகளுக்கு எதற்குப் பின் எது என்ற பட்டியல்கள். வாட்டிய பாலாடைக்கட்டி அடிக்கடி வருகிறது.

பத்துக் குழந்தைகளைப் பெற்றவர் கேத்தரின். 1858இல் டிக்கன்ஸ் அவரைப் பிரிந்தார். ஒன்றுக்கும் உதவாத மனைவி என்ற பேச்சு நெடுநாள் இருந்தது. அந்தப் பட்டியல்களைப் பார்த்தால், யாருக்கு என்ன பரிமாறலாம் என்று யோசித்து யோசித்து ஒரு வீட்டை நடத்திய பெண் தெரிகிறார்.

ஐஸ்கிரீம் கோனைக் கண்டுபிடித்தது ஒரு பெண்ணா?

யார் முதலில் என்று அடித்துச் சொல்ல முடியாத விஷயம் இது. ஆனால் ஆக்னஸ் மார்ஷல் 1888இல் வெளியிட்ட சமையல் நூலில், பாதாம் அரைத்துச் சேர்த்த மாவைச் சுட்டு, கூம்பாகச் சுருட்டி, நிரப்பிப் பரிமாறும் குறிப்பு இருக்கிறது.

மார்ஷல் 1883இல் லண்டன் மார்ட்டிமர் தெருவில் சமையல் பள்ளியை நடத்தத் தொடங்கினார். 1885இல் ஐஸ் வகைகளுக்கென்றே ஒரு நூல், 1886 முதல் ‘தி டேபிள்’ என்ற வார இதழ், 1894இல் இன்னொரு ஐஸ் நூல். அகலமான, ஆழமில்லாத பாத்திரம் கொண்ட அவருடைய ஐஸ்கிரீம் எந்திரம் ஐஸும் உப்பும் சேர்த்துச் சில நிமிடங்களில் உறையவைத்தது. அதற்குக் காப்புரிமை இருந்தது. 1901இல், திரவமாக்கிய ஆக்சிஜன் இருந்தால் விருந்தாளிகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே ஐஸ்கிரீம் செய்துகொள்ளலாம் என்று எழுதினார். இப்போது திரவ நைட்ரஜன் ஊற்றிப் புகை பறக்க ஐஸ்கிரீம் தருகிறார்களே, அந்த யோசனை ஒரு விக்டோரியா காலப் பெண்ணுடையது.

நாவல்களில் பெண்கள் சாப்பிடுகிறார்களா?

சாப்பிடுகிறார்கள், பெரும்பாலும் மறைந்துதான். எலிசபெத் காஸ்கெல் எழுதிய ‘கிரான்ஃபர்ட்’ 1851 முதல் 1853 வரை டிக்கன்ஸின் பத்திரிகையில் தொடராக வந்தது. ஆண்கள் அதிகம் இல்லாத ஒரு சிற்றூரில் வசிக்கும், கையில் காசு குறைவான மரியாதைப்பட்ட பெண்களின் கதை.

அதில் இரண்டு சகோதரிகள். ஆரஞ்சை வெட்டினால் சாறு ஓடி வீணாகிவிடும், உறிஞ்சித்தான் சாப்பிட வேண்டும் என்பது மூத்தவளின் கட்சி. ஆனால் உறிஞ்சுவது கைக்குழந்தை செய்கிற காரியத்தை நினைவூட்டும், சபையில் ஆகாது. ஆகவே ஆரஞ்சு காலத்தில் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் பேசாமல் ஆளுக்கொரு பழத்தை எடுத்துக்கொண்டு அவரவர் அறைக்குப் போய், கதவுக்குப் பின்னால் ஆசை தீர உறிஞ்சுவார்கள்.

அதே நாவலில் இன்னொரு காட்சி. பழைய காலத்து மனிதர் ஒருவர் வீட்டில் விருந்து. பச்சைப் பட்டாணி வருகிறது. மேசையில் இருப்பதோ இரண்டு முள் மட்டும் கொண்ட முள்கரண்டி, பட்டாணி நிற்காமல் நழுவுகிறது. இளையவள் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்துச் சாப்பிடுகிறாள். இன்னொரு பெண் பெருமூச்சோடு அப்படியே ஒதுக்கிவைத்துவிடுகிறாள். வீட்டுக்காரரோ அகலமான கத்தியில் வாரி வாயில் போட்டுக்கொள்கிறார். கதை சொல்லும் பெண் அதைப் பார்த்து, தானும் கத்தியால் சாப்பிடத் துணிகிறாள். இளம் பட்டாணி மேல் இருந்த ஆசை அவளுடைய நாகரிகத்தை வென்றுவிடுகிறது. அந்தக் காலத்துப் பெண்களின் பசியைப் பற்றி ஆராய்ச்சி நூல்கள் சொல்வதை இந்த ஒரு தட்டுப் பட்டாணி சொல்லிவிடுகிறது.

தன் பெருந்தீனி ஆசையை வெளிப்படையாக எழுதிய பெண் யாராவது உண்டா?

எலிசபெத் ராபின்ஸ் பென்னல். இந்தப் பக்கத்தை எழுத முக்கியக் காரணமே அவர்தான்.

1855இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தவர். ஓவியரான கணவர் ஜோசப் பென்னலோடு 1884இல் லண்டன் வந்தார். இரண்டு பேரும் ஐரோப்பாவில் சைக்கிளில் சுற்றினார்கள், அவர் எழுதினார், கணவர் வரைந்தார். கலை விமர்சனமும் எழுதினார். பெண்ணுரிமை முன்னோடி மேரி உல்ஸ்டன்கிராஃப்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவரே. 1890களில் ‘பால் மால் கெசட்’ என்ற மாலை நாளிதழில், பெண்கள் பெயர் போடாமல் மாறி மாறி எழுதும் பத்தி ஒன்று இருந்தது. அதில் சாப்பாடு அவருக்கு. அந்தக் கட்டுரைகள் 1896இல் புத்தகமாக வந்தபோது அவர் வைத்த துணைத்தலைப்பு ‘சாப்பாட்டு ஆசை பிடித்த ஒரு பெண்ணின் நாட்குறிப்பு’.

முதல் கட்டுரையே பெருந்தீனியைப் பற்றியது. கொடிய பாவங்களின் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறார்கள், உண்மையில் அது தலையாய நற்குணங்களில் ஒன்றாக மதிக்கப்பட வேண்டும் என்று ஆரம்பிக்கிறார். ரசித்துச் சாப்பிடும் பெண் அழகு குறைந்துபோவதில்லை, அப்போதுதான் இன்னும் அழகாக இருக்கிறாள் என்கிறார். பெண் பசியைக் காட்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் அதைப் படித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அளவு, நேரம், பட்டியல் எதுவும் அவரிடம் கிடையாது. பரிபூரணமான காலை உணவு எது, சிப்பி, காளான், தக்காளி என்று ஒவ்வொன்றையும் ஓவியக் கண்காட்சிக்குப் போய்வந்த விமர்சகர் போல எழுதுகிறார். வெங்காயத்தைப் பற்றிய கட்டுரை நமக்கு உடனே புரியும். அதைச் சமையலறையிலிருந்து துரத்தினால் சாப்பிடும் இன்பமே கூடப் போய்விடும், அது இருந்தால் எளிய பதார்த்தத்துக்கும் களை வரும், இல்லாவிட்டால் அபூர்வமான பண்டமும் சப்பென்று ஆகிவிடும் என்கிறார். வெங்காயம் வதங்கும் வாசனைக்குத் தெருவில் நின்றுபோன எவருக்கும் இதில் மறுபேச்சு இருக்காது.

அவரிடம் ஒரு குறையும் உண்டு. அவர் எழுதியது சாப்பிடுகிறவரின் எழுத்து. அடுப்புப் புகையும் பாத்திரம் கழுவும் கையும் அந்தக் கட்டுரைகளில் எட்டிப்பார்ப்பதே இல்லை. ஆனாலும், ஆண்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்த சுவைக்கலையில் ஒரு பெண் கணவனுக்காகவோ குழந்தைகளுக்காகவோ அல்லாமல் தன் நாக்குக்காகப் பேசினார். அது பெரிய விஷயம்.

பழைய சமையல் நூல்களையும் ஏராளமாகச் சேர்த்தார். அதைப் பற்றியே 1903இல் ஒரு நூல் எழுதினார். அந்தச் சேகரிப்பின் ஒரு பகுதி இன்று வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. 1936இல் நியூயார்க்கில் இறந்தார்.

பெண்கள் தனியாக வெளியே போய்ச் சாப்பிட முடிந்ததா?

நூற்றாண்டின் நடுவில், மரியாதையான பெண் தனியாகப் போய் உட்கார லண்டனில் இடமே அரிது. கடைவீதிக்கு வந்தவள் பசியோடு வீடு திரும்ப வேண்டியதுதான். 1864இல் ஏரேட்டட் பிரெட் கம்பெனி தன் ரொட்டிக்கடையில் தேநீர் தரத் தொடங்கியது. மது கிடையாது என்பதால் பெண்கள் கூச்சமில்லாமல் போனார்கள். 1894இல் பிக்கடில்லியில் லயன்ஸ் தேநீர்க்கடை வந்தது. 1889இல் திறந்த சவாய் ஹோட்டலில் பணக்காரப் பெண்கள் இரவு விருந்துக்குப் போவது நாகரிகமானது. பென்னலின் குரல் 1890களில் எழுந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன். பெண் பொதுவிடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது கண்ணுக்குப் பழகியிருந்தது.

அன்றைய சாப்பாடு சுத்தமாக இருந்ததா?

நகரங்களில் கலப்படம் கொடுமையாக இருந்தது. ரொட்டி வெள்ளையாகத் தெரியப் படிக்காரம், பாலில் தண்ணீர், மிட்டாயில் நச்சுச் சாயம். 1850களின் தொடக்கத்தில் ஆர்தர் ஹாசல் என்ற மருத்துவர் நுண்ணோக்கியில் சோதித்து, ‘லான்செட்’ மருத்துவ இதழில் கடைக்காரர்களின் பெயரோடு வெளியிட்டார். 1860இல் ஒரு சட்டம் வந்தது, 1875இல்தான் உருப்படியான சட்டம் வந்தது. ஆக்டன் ரொட்டிக்குத் தனி நூல் எழுதியதன் பின்னணி இதுதான். வீட்டிலேயே ரொட்டி சுடக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது அவர் சொன்ன வழி.

நம் பக்கத்துச் சமையல் இந்தப் புத்தகங்களில் வருகிறதா?

வருகிறது. மதராஸ் பக்கத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கொண்டுபோன மிளகுத்தண்ணி, இறைச்சியெல்லாம் சேர்ந்து ‘மல்லிகடானி’ சூப்பாக ஆக்டனிடமும் இருக்கிறது, பீட்டனிடமும் இருக்கிறது. பீட்டன் நூலில் வங்காளத்து மாங்காய்ச் சட்னி ஒன்றும் உண்டு. இந்தியாவில் நெடுநாள் இருந்த ஆங்கிலேயப் பெண்மணிக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது என்ற குறிப்போடு. சொல்லிக்கொடுத்தவரின் பெயர் இல்லை.

ஆக்டன் கறிக்கென்று ஒரு அத்தியாயமே வைத்திருக்கிறார். அங்கேயும் அவருடைய நாக்கு ஏமாறவில்லை. கீழை நாட்டுக் கறிகளின் மேன்மை இங்கே வராததற்குச் சமையல்காரர்களின் திறமைக் குறைவு மட்டும் காரணமில்லை, அங்கே பச்சையாகப் புதிதாகக் கிடைக்கும் பொருட்கள் இங்கே கைக்கு எட்டாததும் காரணம் என்கிறார். இங்கிலாந்தில் மஞ்சளையும் மிளகாய்த்தூளையும் அள்ளிப் போடுகிறார்கள், மஞ்சளைக் குறையுங்கள், தேங்காய்த் துருவல் சேர்த்துப் பாருங்கள் என்கிறார்.

படிக்க ஆசை. எங்கே தொடங்கலாம்?

ஆக்டன், பீட்டன், பென்னல் மூன்று பேருடைய நூல்களுக்கும் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம் கொஞ்சம் பழையது, இரண்டு பக்கம் தாண்டினால் பழகிவிடும். பீட்டனை முழுதாகப் படிக்க வேண்டாம், முன்னுரையையும் ஒரு மாதத்துச் சாப்பாட்டுப் பட்டியலையும் பார்த்தால் போதும். பென்னலில் முதல் கட்டுரை, அப்புறம் வெங்காயம். ஆக்டனில் கறி அத்தியாயத்தைப் படித்துவிட்டு புட்டிங் பகுதிக்குப் போங்கள். ஏழை எழுத்தாளர் புட்டிங்குக்கு வேண்டியதெல்லாம் நம் ஊர் அண்ணாச்சி கடையிலேயே கிடைக்கும். எலுமிச்சைத் தோலைவிடப் பட்டை போட்டால் நம் நாக்குக்கு நன்றாக இருக்கும்.